வத்சலா அம்மா வீட்டுத் தண்ணி லைனுக்கு இன்சூரன்ஸ்

கிட்ட வந்து உட்காருங்க. முழங்காலும் தொண்டையும் ஒன்றாகத் தேய்ந்துபோன வயசு, உரக்கப் பேச முடியாது. பிளம்பர் தொழிலில் மண்ணுக்குக் கீழே இருப்பதுதான் வேலை, மேலே இருப்பதெல்லாம் பேச்சு. முப்பத்தெட்டு வருஷமாக பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பின்னால் இருக்கிற சந்துகளில் இந்த இரண்டையும் செய்துகொண்டிருக்கிறேன்.

நீங்களும் குழாய் வைத்த வீட்டில் இருக்கிறவங்கதான். தண்ணி விடுகிற நாளில் தரைக்கடியில் இருக்கிற சம்ப் தொட்டி மூடியைத் தூக்கிவிட்டு, உள்ளே விழுகிற சத்தம் கேட்கிறதா என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பீங்க. மீட்டர் மட்டும் சுற்றும், சம்ப் நிறையாது. நடுவில் அந்தத் தண்ணி எங்கே போச்சு என்கிற கவலையை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இப்போது அந்தக் கவலைக்கும் இன்சூரன்ஸ் வந்துவிட்டது. வாங்கலாமா, வேண்டாமா என்று என்னைக் கேட்காத வீடு எங்கள் சந்தில் இல்லை. எல்லோருக்கும் ஏதோ ஒன்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு வீட்டுக்குப் பதில் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

கம்பியும் காதும்

மீட்டருக்கு வீட்டுப் பக்கம் பைப் உடைந்தால் அது வீட்டுக்காரர் பாடு. எங்கே உடைந்தது என்று தெரியாமல் வாசல் முழுக்கத் தோண்ட முடியுமா? அதற்கு என்னிடம் ஒரு கம்பி இருக்கிறது. தண்ணி விடுகிற நேரம் பார்த்து, கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறு முனையைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் வைத்துக் கேட்பேன். நல்ல பைப்பில் தண்ணி ஒரே சுருதியில் போகும். உடைந்த இடத்தில் மட்டும் தோசைக்கல்லில் தண்ணி தெளித்த மாதிரி சீறும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டால், கெம்பண்ணா தோண்டுவார். கெம்பண்ணா ஆனேக்கல் பக்கத்துக்காரர், என் வயசு, என் கூட்டாளி. கன்னடம் அவருடையது, தமிழ் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது.

ஒரு மழைக்காலத்தில் சேற்றில் மண்டி போட்டு நான் காதைக் கொடுத்திருந்தபோது, வீட்டுக்காரர் குடையோடு நின்றுகொண்டு, "என்னப்பா, கீழே யாராவது பேசறாங்களா?" என்று கேலி செய்தார். நான் கம்பியிலிருந்து காதை எடுக்கவில்லை. கடப்பாரை மேல் சாய்ந்திருந்த கெம்பண்ணாதான் சொன்னார்: "பேசறாங்க சார். 'கெம்பண்ணாவைத் தோண்டச் சொல்லு'ன்னு தினமும் அதையேதான் பேசறாங்க."

நீல ஸ்டிக்கர்

இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எங்கள் சந்துக்கு வந்தவர் பெயர் பிரவீண். தருமபுரிக்காரர், முப்பது வயசு இருக்கும். எலெக்ட்ரானிக் சிட்டியில் பி.ஜி.யில் தங்கிக்கொண்டு, பஸ்ஸும் மெட்ரோவுமாக மாறி மாறி வந்து, வீட்டுக்கு வீடு மணி அடிப்பார். வருஷத்துக்கு ஒரு தடவை பணம் கட்டிவிட்டால் மீட்டருக்கும் சம்புக்கும் நடுவில் எது உடைந்தாலும் கம்பெனி ஆட்கள் வந்து தோண்டி, மாற்றி, மூடிவிட்டுப் போவார்கள். சேர்ந்த வீட்டில் மீட்டர் பக்கத்தில் ஒரு நீல ஸ்டிக்கர் ஒட்டுவார்.

ஆனால் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன்னால், லைன் நன்றாக இருக்கிறது என்று ஒரு பிளம்பர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு என்னைப் பிடித்தார். படிவக் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷ். நான் ஐந்தாம் வகுப்போடு வெளியே வந்தவன், அதிலும் தமிழில். "அப்புறம் உடைஞ்சா யார் தோண்டுவாங்க?" என்று கேட்டேன். "எங்க ஆளுங்க ஹெப்பகோடியிலிருந்து வருவாங்க" என்றார். எனக்கு அதில் கையெழுத்து மட்டும்தான். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, தோளில் கை வைத்து அன்பாகத்தான் சொன்னார்: "அங்கிள், இந்த வயசுல எதுக்குக் கம்பியைத் தூக்கிட்டு அலையறீங்க? பேனாவைத் தூக்குங்க, எடை கம்மி."

கார்த்திக் சார் வீட்டுப் படம்

முதலில் சேர்ந்தது கார்த்திக் சார். கரூரிலிருந்து வேலைக்கு வந்து, இங்கேயே பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடியேறியவர். காலையில் கம்பெனி வண்டியில் ஏறினால் இருட்டின பிறகுதான் இறங்குவார். அவர் வீட்டுக்கு நான் கம்பி வைத்துக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் மாதமே பக்கத்தில் எவனோ கேபிளுக்குக் குழி வெட்டும்போது அந்தப் பைப்பில் அடி பட்டு உடைந்தது.

பொய் சொல்லக்கூடாது. கம்பெனி ஆட்கள் மறுநாள் காலையிலேயே வந்தார்கள். காலில் பூட்ஸ், தலையில் தொப்பி. தேவையான அளவுக்கு மேல் ஒரு சாண் கூடத் தோண்டவில்லை. புது பைப் போட்டு, சிமெண்ட் பூசி, கூட்டிப் பெருக்கிவிட்டுப் போனார்கள். நானும் கெம்பண்ணாவும் எதிர் டீக்கடையில் நின்று, குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று கடைசி வரை பார்த்தோம். கிடைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கார்த்திக் சார் என்னைக் கூப்பிட்டு போனைக் காட்டினார். தோண்டுவதற்கு முன், தோண்டும்போது, மூடின பிறகு என்று வரிசையாகப் படங்கள். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்: "அங்கிள், நீங்க மண்ணை மூடறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது எனக்கு உள்ளே காட்டியிருக்கீங்களா?"

சாக்குத் துணி

அதற்கு அடுத்த மாதம் சந்துக் கடைசி வீட்டில் லைன் போனது. அந்த வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டது நான் இல்லை, வேறு யாரோ. கம்பெனி ஆட்கள் வந்து தோண்டினால், பைப்பின் வயிற்றில் சாக்குத் துணியும் கம்பியும் சுற்றியிருக்கிறது. யாரோ ஒரு பிளம்பர் என்றைக்கோ அவசரத்துக்குக் கட்டினது. உடனே படம் எடுத்தார்கள். முன்பே தற்காலிக ரிப்பேர் செய்த லைனுக்குப் பணம் கிடையாது என்று சொல்லி, மண்ணை அப்படியே விட்டுவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்கள்.

கடைசியில் நானும் கெம்பண்ணாவும்தான் இறங்கினோம். வேலை கிடைத்தது என்று சந்தோஷம் வரவில்லை. அந்தச் சாக்கைப் பிரிக்கிற வேலையைக் கெம்பண்ணாவிடம் விட்டுவிட்டு நான் மேலே ஏறிவிட்டேன். வீட்டுக்கார அம்மா குழி ஓரத்தில் நின்று, யாரையும் திட்டாமல், தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார்: "கட்டினவன் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா, நான் இத்தனை வருஷம் நிம்மதியா இருந்திருக்க மாட்டேன், அவ்வளவுதானே?"

பந்த் நாளில் கட்டினது

அந்தச் சாக்கை நான் தொடாததற்குக் காரணம் இருக்கிறது. வத்சலா அம்மா வீட்டு வாசலுக்குக் கீழேயும் அப்படி ஒன்று இருக்கிறது. கட்டினது நான்.

வத்சலா அம்மா அரசாங்க ஆபீஸில் சூப்பரின்டெண்டாக இருந்து ரிடையர் ஆனவங்க. மூன்று தலைமுறையாக அல்சூர். கன்னடத்தில் மனு எழுதுவாங்க, தமிழில் கணவரைத் திட்டுவாங்க என்று சந்தில் சொல்வார்கள். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, படுத்த படுக்கையாக இருக்கும் அக்காவோடு இருக்காங்க. பதினொரு வருஷத்துக்கு முன்னால் வாசலுக்கு கிரானைட் போட ஏற்பாடு. காலையில் கல் பதிக்க ஆள் வரப்போகிறார். முதல் நாள் மத்தியானம், பழைய இரும்பு பைப்பின் ஜாயிண்டில் கசிவதைப் பார்த்தேன். மாற்ற வேண்டியது ஒரு யூனியன், இரண்டு பைப்பைச் சேர்க்கிற உள்ளங்கை அளவு சாமான். அன்றைக்குப் பார்த்து பெங்களூர் பூரா பந்த். சிவாஜி நகர் வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்தேன், ஒரு கடை ஷட்டர் கூடத் திறக்கவில்லை.

என் சைக்கிளின் பழைய டியூப் பையில் இருந்தது. அதை நீளமாக வெட்டி, இழுத்து இழுத்து ஜாயிண்டில் சுற்றி, கட்டுக்கம்பி போட்டு முறுக்கினேன். மேலே சிமெண்ட் பூசினேன். கெம்பண்ணா மண்ணைத் தள்ளினார். கல்காரரைக் காலையில் நிறுத்திவிட்டு யூனியனை மாற்றிவிடலாம் என்றுதான் போனேன். விடியற்காலையிலேயே அவர் வந்து கல்லைப் பதித்துவிட்டார். புதுக் கல்லின் மேல் நின்றுகொண்டு வத்சலா அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்தாங்க, பெயர்க்கச் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று பதினொரு வருஷம் போய்விட்டது. டியூப் கட்டின அன்று பைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதே கெம்பண்ணா, கூட்டாளியைக் கூப்பிடுகிற கன்னட வழக்கில் சொன்னார்: "குரு, இந்த டியூப் சைக்கிள்ல இருந்தப்போவே ரெண்டு நாள் சேர்ந்தாப்பல காத்து நிக்கலை, பார்த்துக்கோ."

"வாங்கலாமா, வேண்டாமா?"

சாக்கு வீட்டு வேலை முடிந்த வாரம், சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று வத்சலா அம்மா கூப்பிட்டாங்க. வாஷர் மாற்றினேன். காபி கொடுத்துவிட்டு, பிரவீண் கொடுத்த நோட்டீஸை மேஜையில் விரித்தாங்க.

"ஏழுமலை, அக்காவுக்குத் தண்ணி இல்லாம ஒரு வேளை கூட ஆகாது. லைன் உடைஞ்சு நாலு நாள் வாசலைப் பெயர்த்துப் போட்டா நான் எங்கே போவேன்? இதை வாங்கிடலாம்னு பார்க்கறேன். நீ கையெழுத்துப் போடணுமாம். வாங்கலாமா, வேண்டாமா?"

"வேண்டாம்மா" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

அவங்க கண்ணாடியைக் கழற்றினாங்க. ஆபீஸில் எத்தனை பேர் அந்தப் பார்வைக்குக் கீழே நின்றிருப்பார்களோ. கையெழுத்துப் போட்டால் அவங்க நம்பிப் பணம் கட்டுவாங்க. உடைகிற அன்றைக்கு டியூபைப் படம் எடுத்துக்கொண்டு கம்பெனி போய்விடும், அக்காவுக்குத் தண்ணி இருக்காது, படிவத்தில் என் பெயர் இருக்கும். போடவில்லை என்றால் ஏன் என்று கேட்பாங்க. காரணம் சொன்னால் இந்தச் சந்தில் எனக்கு அப்புறம் எந்தக் கேட்டும் திறக்காது. நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவங்க குரலை உயர்த்தவில்லை: "என் நல்லதுக்கு வேண்டாங்கறியா, உன் நல்லதுக்கு வேண்டாங்கறியா? அதை மட்டும் யோசிச்சுட்டு வந்து சொல்லு."

கெம்பண்ணாவின் யோசனை

மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. படிவக் கட்டு பையில் கனத்தது. பிரவீண் சொன்ன எடைக்கணக்கு தப்பு. டீக்கடையில் கெம்பண்ணாவிடம் கேட்டேன். அவர் பன்னை டீயில் முக்கி நிதானமாகத் தின்றார்.

"கையெழுத்துப் போட்டுடு. டியூப் இத்தனை வருஷம் தாங்குச்சு, நம்ம இரண்டு பேர் ஆயுசுக்கும் தாங்கும்."

"அவங்க ஆயுசுக்கு?"

அவர் டம்ளரை வைத்தார். "அப்போ போய்ச் சொல்லு. ஆனா அன்னைக்கு மண் தள்ளினவன் பேரைக் கேட்டா, ஊருக்குப் போயிட்டான்னு சொல்லு."

கோலம்

வெள்ளிக்கிழமை காலை போனேன். வாசலில் கோலம் ஈரமாக இருந்தது. உள்ளே கூப்பிட்டாங்க, போகவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னேன். பந்த், யூனியன், டியூப், கல்காரர், எல்லாம்.

முடித்த பிறகு, "எந்தக் கல்லு?" என்றாங்க. கேட்டுக்கு உள்ளே இரண்டாவது கல்லைக் காட்டினேன். அவங்க தலையை ஆட்டினாங்க, முன்பே தெரிந்த மாதிரி. எனக்குப் புரியவில்லை. அக்காவுக்கு மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாங்க: "அங்கே ஏதோ இருக்குன்னு எனக்குத் தெரியும், என்னன்னுதான் தெரியாது. சமையலறை வாஷர் மாத்த வர்றவன் ஒவ்வொரு தடவையும் போகும்போது என் கோலத்து மேலே கம்பியை ஊனிக் காது குடுத்துட்டுப் போனா, பதினொரு வருஷத்துல ஒரு நாள் கூட எனக்குச் சந்தேகம் வராதா ஏழுமலை?"

பின்பக்கம் எழுதினது

மறுநாள் பிரவீணை வரச் சொன்னாங்க, என்னையும். பிரவீண் புது ஸ்டிக்கரோடு வந்தார். வத்சலா அம்மா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, "இதுல எதுக்கெல்லாம் பணம் தருவீங்கன்னு நோட்டீஸ்ல பெரிசா போட்டிருக்கு. எதுக்கெல்லாம் தர மாட்டீங்கங்கறதைப் படி. தமிழ்ல சொல்லு, மெதுவா" என்றாங்க. நோட்டீஸைத் திருப்பி, பின்பக்கம் பேனாவை வைத்தாங்க.

அவர் போனில் தேடிப் படித்தார். பழைய இரும்பு பைப். முன்பு செய்த தற்காலிக ரிப்பேர். மரத்து வேரால் வருகிற உடைப்பு. கிரானைட் மாதிரி விலை உயர்ந்த தரைக்கல்லைத் திருப்பிப் போடுவது. ஒவ்வொன்றுக்கும் குரல் இறங்கிக்கொண்டே போனது. அவங்க ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதி முடித்து, காகிதத்தை பிரவீணிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினாங்க. "இதுல இருக்கறதெல்லாம் இல்லாத லைனா ஒண்ணு போடு. கல்லுக்குக் கீழே வேண்டாம். காம்பவுண்ட் சுவரோரமா, கண்ணுக்குத் தெரியற மாதிரி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மீட்டரிலிருந்து சுவரோடு கிளாம்ப் அடித்துக் கருப்பு பைப் கொண்டுபோனால், பத்தடி கூடுதல், அவ்வளவுதான். தோண்ட வேண்டியதும் இல்லை, கம்பி வைத்துக் கேட்க வேண்டியதும் இல்லை. கசிந்தால் அக்காவின் ஜன்னலிலிருந்தே தெரியும். முப்பத்தெட்டு வருஷம் தொழில் செய்தவனுக்கு இது தோன்றவில்லை. பிரவீண் ஸ்டிக்கரைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "ஆன்ட்டி, இதையெல்லாம் சரி பண்ணிட்டா அப்புறம் நான் எதைத்தான் இன்சூர் பண்றது?" என்றார். வத்சலா அம்மா அவர் பக்கம் டம்ளரை நகர்த்தினாங்க: "அதையேதான் நானும் யோசிக்கறேன். காபி ஆறுது, குடி."

எடுத்த டியூப்

இரண்டு நாள் வேலை. கூலிப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவங்களும் எடுக்கவில்லை. இரண்டு நாளும் சாப்பாடு மட்டும் வந்தது. ஊருக்குப் போயிட்டான்னு சொல்லச் சொன்ன கெம்பண்ணாவுக்கும் சேர்த்து. பழைய லைனைத் துண்டிக்க அந்த ஒரு கல்லை மட்டும் பெயர்த்தோம். சிமெண்டைத் தட்டினால், உள்ளே பைப் துருப்பிடித்துக் காகிதம் மாதிரி ஆகியிருந்தது. கம்பியால் லேசாகத் தொட்டேன், பொடிந்து விழுந்தது. டியூபுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கத்தியால் அறுத்துத்தான் எடுத்தோம். நான் அதைக் குப்பையில் போடப் போனேன். "இங்கே குடு" என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டாங்க வத்சலா அம்மா.

அன்றே படிவக் கட்டைப் பிரவீணிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கம்பி வைத்துக் கேட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன், கேட்டுப் பார்க்க ஒரு வீட்டுக்கு அரை நாள் ஆகும் என்றேன். அவரிடம் அரை நாள் இல்லை. "உங்களை மாதிரி பத்துப் பேர் இருந்தா எனக்கு டார்கெட் முடியாது அங்கிள்" என்று சிரித்துக்கொண்டே போனார். இன்னும் மூன்று வீடுகள் வாங்கியிருக்கின்றன. தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன்: வாங்குவதும் வாங்காததும் அப்புறம், வாசலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று முதலில் உங்கள் பிளம்பரைக் கேளுங்க. அவர் டம்ளரைப் பார்த்தால் விடாதீங்க.

இப்போது சந்தில் ஐந்து வீட்டு மீட்டர் பக்கத்தில் நீல ஸ்டிக்கர் இருக்கிறது, வத்சலா அம்மா வீட்டு மீட்டர் பக்கத்தில் மட்டும், எந்த வேலைக்கு நான் கேட்டைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுகிற மாதிரி, கழுவித் துடைத்த என் சைக்கிள் டியூப் தொங்குகிறது, அதுவும் என் பையிலிருந்தே கேட்டு வாங்கி அவங்க அடித்த ஆணியில்.